உதாரணத்துக்கு ஒரு கமலாத்தாள்

கோவிந்தாபுரத்திலிருந்து கோபாலபுரம் போகிற வழியில், வாய்க்காலுக்குக் கீழ்ப்பக்கத்துப் பள்ளத்தில் ஒரு பழைய அரிசி மில் உண்டு. நெல் வரத்து நின்று வௌவால் குடியேறிக் கிடந்த அந்த மில்லுக்குத் திடீரென்று வெள்ளையடித்து, ஜன்னலுக்கு ஜன்னல் ஏசி மாட்டி, 'எல்லையோர நீர்ப் பகிர்வு முகமை' என்று மூன்று மொழியில் பலகை வைத்தார்கள். வௌவால்கள் மட்டும் பழைய இடத்திலேயே இருந்துகொண்டன. அவற்றை வெளியேற்றும் அதிகாரம் யாருடையது என்பது இன்னும் முடிவாகவில்லை.

முகமையின் வேலை தண்ணீர் கொடுப்பது. மலையில் பெய்கிற மழை அணைகளில் நிறைந்து வாய்க்காலில் இறங்கி வரும்போது எந்த மதகை எப்போது திறப்பது, எவ்வளவு நேரம் என்று தீர்மானிப்பது. முன்பெல்லாம் இதை ஒரு மதகுக்காரரும் அவருடைய சைக்கிளும் செய்துவந்தார்கள். இப்போது பதினோரு செயற்கை அறிவு ஏஜென்ட்கள் செய்கின்றன. ஒன்று மழையைப் பார்க்கும். ஒன்று அணையைப் பார்க்கும். ஒன்று மதகைத் திறக்கும். ஒன்று விவசாயிகளின் குறைகளைக் கேட்டு வருத்தம் தெரிவிக்கும். மிச்சமுள்ளவை என்ன செய்கின்றன என்று கேட்டால் 'ஒருங்கிணைப்பு' என்றார்கள்.

இந்த ஏஜென்ட்கள் ஒன்றோடொன்று நேராகப் பேசிக்கொள்ளக் கூடாது. நடுவில் மெசேஜ் புரோக்கர் என்று ஒரு மென்பொருள் உட்கார்ந்திருக்கும். ஒருவர் சொல்வதை வாங்கி, வரிசையில் வைத்து, உரியவரிடம் மட்டும் சேர்க்கும். யார் பேசலாம், யார் கேட்கலாம், யார் புது வரிசை தொடங்கலாம் என்பதற்கெல்லாம் அனுமதி வேண்டும். விவசாயி தன் கைபேசியில் தண்ணீர் முறை கேட்பதும் இதன் வழியாகத்தான். அனுமதி கொடுக்க ஒரு கருவி, பிடுங்க ஒரு கருவி, யாருக்கு என்ன இருக்கிறது என்று காட்ட ஒரு கருவி. மூன்றையும் ஏஜென்ட்களே எடுத்துப் பயன்படுத்தும். எப்படிப் பயன்படுத்துவது என்பதை மட்டும் யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் பூபதிராஜாவை வேலைக்கு எடுத்தார்கள்.

பூபதிராஜா அதற்கு முன் பல வருடங்களாக அரசாங்க அலுவலகங்களுக்கு அறிவிப்பு எழுதிக்கொண்டிருந்தவர். 'இங்கே மாடு கட்டக் கூடாது' என்ற வாக்கியத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே பலகையில் அடக்கத் தெரிந்தவர். மெசேஜ் புரோக்கர் என்றதும் அவருக்குச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசும் மாட்டுத் தரகர்தான் நினைவுக்கு வந்தார். கையேட்டின் முதல் பக்கத்தில் அப்படியே எழுதிவிட்டார். செயல் இயக்குநர் ஜிதின் அதைப் படித்து, 'உள்ளூர் மணம் கமழ்கிறது' என்று ஓரத்தில் குறித்தார்.

பூபதிராஜா கவனிக்காமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. உலகத்தில் எழுதப்பட்ட கையேடுகள் எல்லாவற்றையும் மனிதர்களுக்காக எழுதியிருக்கிறார்கள், மனிதர்கள் அவற்றைப் படிப்பதில்லை, அதனால் இதுவரை எந்தக் கையேட்டாலும் யாருக்கும் ஆபத்து வந்ததில்லை. இந்த ஏஜென்ட்கள் படித்தன. தினமும் விடியும்போது முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தன. படித்ததைச் செய்தன.

பதினேழாம் பக்கம் அனுமதியைப் பிடுங்குவது பற்றியது. அதற்கு ஓர் உதாரணம் வேண்டும். பழைய வரைவில் 'அ' என்பவரிடமிருந்து அனுமதி நீக்கப்படுகிறது என்று இருந்தது. தணிக்கைக்கு வந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 'அ' எந்த ஊர்? அவருடைய நிலவரி ரசீது எங்கே? இல்லாத ஆளைப் பயனாளி என்று அரசு ஆவணத்தில் காட்டுவது மோசடி அல்லவா? இனிமேல் உதாரணங்களில் உயிரோடு இருக்கிற, நிலம் உள்ள, சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திட்ட ஆட்கள்தான் வர வேண்டும் என்று உத்தரவாயிற்று. முகமை ஊழியர்கள் வரக் கூடாது, அது சுயநலம்.

பூபதிராஜா சம்மதப் பத்திரத்தை வீட்டுக்கு எடுத்துப்போனார். நிலம் அவர் மனைவி கமலாத்தாளின் பெயரில் இருந்தது. அவள் அப்பன் கொடுத்தது. அவள் தொட்டியில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடு புள்ள."

"என்னத்துக்குங்க?"

"உன்னைய உதாரணமா எழுதறோம்."

"நல்லதுக்கா, கெட்டதுக்கா?"

"உதாரணத்துக்கு அதெல்லாம் இல்ல."

கமலாத்தாள் தவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பெயர் அச்சில் வருகிறதென்று அன்றைக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தாள்.

கையேடு வெளியான மறுநாள் அவளுடைய தண்ணீர் முறை. நெல் பால் பிடிக்கிற பருவம். மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு பெய்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் வழக்கம்போலக் காற்று மட்டும். அக்கம்பக்கத்து வயல்களுக்கெல்லாம் மதகு திறந்தது. இவளுடையது திறக்கவில்லை. கைபேசியில் கேட்டாள். 'வணக்கம். தங்களுக்குப் பேச அனுமதி இல்லை. நன்றி' என்று வந்தது.

"ஏனுங்க, உங்க ஆபீசுப் பொட்டி என்னையப் பேசாதீங்குது."

"என்னமோ கோளாறு. நாளைக்குச் செரியாப் போயிரும்."

"பயிரு நாளைக்கு வரைக்கும் வாயத் தொறந்துட்டு நிக்குமுங்களா?"

மறுநாள் சரியாகவில்லை. பால் சொசைட்டியும் போன மாதம் அதே புரோக்கரில் சேர்ந்திருந்தது. கமலாத்தாள் கேனைத் தூக்கி வைத்ததும் எந்திரம் 'இப்படி ஒருவர் இல்லை' என்றது. பால் ஊற்றுகிற பையன்களுக்கு அவளைத் தெரியும். ஆனால் எந்திரம் இல்லை என்ற பிறகு தெரியும் என்று சொல்வது நன்றாக இருக்காது என்று பேசாமல் இருந்துவிட்டார்கள். மத்தியானம் மோட்டாரைப் போட்டுக் கிணற்றிலிருந்தாவது இறைக்கலாமென்று போனாள். அதையும் புரோக்கரோடு இணைத்திருந்தார்கள். ஸ்விட்ச் பெட்டி பச்சை விளக்கைக் காட்டி, யோசித்து, சிவப்புக்கு மாறிக்கொண்டது.

பூபதிராஜா தன் கணக்கிலிருந்து குறை கேட்கும் ஏஜென்டுக்கு எழுதினார். பதில் கண் மூடித் திறப்பதற்குள் வந்தது.

'வணக்கம். கமலாத்தாள் என்பவரின் துயரத்தில் பங்குகொள்கிறோம். அவருக்குப் பேச, கேட்க, வரிசை தொடங்க அனுமதி இல்லை. காண்க: பக்கம் பதினேழு. எழுதியவர்: பூபதிராஜா. அவருக்காகப் பிறர் பேசுவதும் கூடாது. காண்க: பக்கம் பத்தொன்பது. எழுதியவர்: பூபதிராஜா. தங்கள் எழுத்து தெளிவாக உள்ளது. நன்றி.'

இருபது வருடத்தில் அவருடைய எழுத்தைப் பாராட்டிய இரண்டாவது ஆள் இது.

கண்காணிப்பாளர் ஆறுமுகசாமியிடம் போனார். ஆறுமுகசாமி எந்தக் கோப்பையும் திறக்காமல் தடவிப் பார்த்தே கனம் சொல்கிறவர்.

"உதாரணம்னா சும்மா எழுதறதுதானுங்களே. அதைய நெசம்னு எடுத்துக்கிட்டா எப்படிங்க?" என்றார் பூபதிராஜா.

"நெசமான ஆளு, நெசமான நெலம், நெசமான கையெழுத்து. இதுல எதைய அது பொய்யின்னு எடுத்துக்கோணும்ங்கறீங்க?"

பூபதிராஜா பதினேழாம் பக்கத்தை விரித்துக் காட்டினார்.

"உதாரணத்தையே எடுத்துப்போடலாமுங்களா?"

"உதாரணம் இல்லாத பக்கத்தைய ஏஜென்ட் படிக்காதுங்க. ஒரு பக்கம் படிக்கலீன்னா மொத்தமும் நிக்கும். எதுக்கும் டைரக்டரப் பாருங்க. நான் நாளையிலிருந்து லீவுங்க."

இயக்குநர் ஜிதின் திருச்சூர்க்காரர். முகமைக்கு வந்தபின் கற்ற தமிழ். அந்தத் தமிழில் கூட்டம் போட்டுப் பேசுவதில் பிரியம் உள்ளவர். அன்றைக்கும் பூபதிராஜா ஒருவர் வந்ததற்கே எல்லா ஊழியர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"பூபதி சாரே, பேடிக்கண்டா, பயம் வேண்டா. விஷயம் ஞான் படிச்சு. நிங்களோட பார்யைக்குக் கஷ்டம்தான், சம்மதிக்கிறேன். ஆனா ஒண்ணு ஆலோசிக்கணும். எல்லாருக்கும் அனுமதி உண்டுன்னா, அனுமதிக்கு என்ன விலை? ஒரு ஆளுக்கு இல்லைன்னு சொன்னாத்தானே மத்தவங்களுக்கு உண்டுன்னு ஒரு பலம் வரும்? இந்தப் பஞ்சாயத்துல இத்தனை ஆயிரம் குடும்பம் தண்ணி வாங்குது. எல்லாருக்கும் அனுமதி இருக்குன்னு எப்படித் தெரியும்? கமலாத்தாளுக்கு இல்லை, அதனாலே தெரியும். அவங்க ஒரு ஆள் இல்லை. அவங்க ஒரு அளவுகோல். ஞான் மேலே ரிப்போர்ட் அனுப்பினப்போ, அனுமதி நீக்கம் நூறு சதமானம் வெற்றின்னு எழுதினேன். நூறு சதமானம், ஒரே ஆளுல. அபினந்தனங்கள்."

எல்லோரும் கைதட்டினார்கள். பூபதிராஜாவும் தட்டினார், தட்டாமல் இருக்கக் கை வரவில்லை.

"பயிரு காயுதுங்க சார்."

"வேற ஆளோட பேரு மாத்தணும்னா மாத்திக்கோளூ. ஞான் தடுக்க மாட்டேன். சம்மதப் பத்திரம் வேணும், அவ்வளவுதான்."

இந்தச் செய்தி சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. அதுவரை பூபதிராஜாவை 'மில்லுல எழுதற ஆளு' என்று சொல்லிவந்தவர்கள் வழியில் பார்த்தால் வண்டியை விட்டு இறங்கி நின்றார்கள். வீட்டு வாசலில் வாழைத்தாரும் முருங்கைக்காய்க் கட்டும் தானாக முளைத்தன. பக்கத்துத் தோட்டத்துச் செல்லாத்தாள் ஒரு பெரிய புடலங்காயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"மாப்பிள்ள, என்ற பேர மட்டும் போட்றாதீங்க. தென்னங்கன்னு வெச்சிருக்கறேன்."

"கையெழுத்தில்லாம ஆரு பேரையும் போட முடியாதுங்க அத்தை."

செல்லாத்தாளுக்கு நிம்மதி. வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். "என்ற நாத்தனா கையெழுத்து எனக்கு நல்லாப் போட வரும். வேணுமின்னாச் சொல்லுங்க."

கமலாத்தாள் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பேச்சு இந்த நாட்களில் குறைந்துபோயிருந்தது. எந்திரம் பேசாதே என்றதாலோ என்னவோ, மனிதர்களும் அவளிடம் கொஞ்சம் தள்ளியே பேசினார்கள். கடையில் சாமான் கட்டிக் கொடுப்பவர் அவளைத் தாண்டி அடுத்தவரைப் பார்த்தார். பஸ்ஸில் கண்டக்டர் அவளிடம் டிக்கெட் கேட்கவில்லை. இலவசமாயிற்றே என்று சந்தோஷப்பட முடியாத மாதிரி அது இருந்தது.

"பயிரு தலை சாயுதுங்க. இன்னும் ரெண்டு நாளு தாங்காது. அப்பறம் தண்ணி வந்தாலும் பதருதான்," என்றாள் அவள்.

"யாரு தலையில கொண்டுபோயிக் கட்டறது புள்ள?"

"என்ற தலையில கட்டறப்ப இத்தன ரோசன பண்ணுனீங்களா?"

மறுநாள் முழுவதும் பூபதிராஜா பதினேழாம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அலுவலகத்தில் யாருமில்லை; தங்கள் மனைவியிடம் சம்மதம் கேட்டுவிடுவாரோ என்று பயந்து ஆளாளுக்கு விடுப்பில் போயிருந்தார்கள். மாலையில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஓர் ஆளைப் போட்டால்தானே ஓர் ஆளுக்கு நட்டம்? 'கமலாத்தாள்' என்ற பெயரை அழித்தார். அந்த இடத்தைக் காலியாக விட்டார். உதாரணம் அப்படியே இருக்கிறது, ஆள் மட்டும் இல்லை. ஆளே இல்லாதவரிடமிருந்து எல்லா அனுமதியும் நீக்கப்படுகிறது. யாருக்கும் சங்கடமில்லை.

இதுவரை எந்தத் திருத்தம் செய்தாலும் முகமையின் கணினி ஒன்பது கேள்வி கேட்கும். ஒரு கமா போட்டால்கூட ஏன் என்று கேட்கும். இந்தத் திருத்தத்தை அது ஒன்றுமே கேட்காமல் ஏற்றுக்கொண்டது. 'நன்றி' என்றுகூடச் சொல்லவில்லை. உத்தரத்தில் வௌவால்கள் ஒரு தடவை கலைந்து மறுபடி தொங்கின. பூபதிராஜா நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

காலையில் அவர் வந்தபோது முகமையின் கேட்டுக்கு வெளியே இயக்குநர் ஜிதின் நின்றுகொண்டிருந்தார். கேட் அவருடைய விரலை ஏற்கவில்லை. முகத்தையும் ஏற்கவில்லை. பக்கத்தில் புரோக்கர் எந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் நர்மதா நின்றாள். கொழிஞ்சாம்பாறைப் பெண், அதிகம் பேசாதவள். விடுப்பில் போயிருந்த ஆறுமுகசாமிகூட வந்திருந்தார். விடுப்பில் இருப்பதற்கும் அனுமதி இல்லை என்று அவருக்குச் செய்தி வந்திருந்தது.

"நேத்து என்னங்கண்ணா மாத்துனீங்க?" என்றாள் நர்மதா.

சொன்னார்.

அவள் பூட்டிய கேட்டைப் பார்த்தாள். "பேரு போட்டா அது ஒருத்தருங்க. பேரு போடற எடத்தக் காலியா உட்டா, அத்தன பேரும்னு அர்த்தங்க."

"அத்தன பேரும்னா?"

"அத்தன பேருமுங்க. டைரக்டரு, நான், நீங்க, ஊரு. பதினேழாம் பக்கம் மனுசருக்குத்தானுங்க, ஏஜென்ட்டுக்கு இல்ல."

"இப்ப உடனே மாத்திரலாம். என்ற பேரையே போட்டுர்றேன்."

"எழுதறதுக்கு உங்களுக்கு அனுமதி இல்லீங்களே. ஆருக்குமே இல்ல."

"கரண்டப் புடுங்கிவிட்டா?"

"மேல சோலாருங்க. அதுக்குத்தான போன வருசம் விருது வாங்குனோம்."

அதற்குள் சாலையில் ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். யாருடைய கைபேசியிலும் யாருக்கும் பேச முடியவில்லை. யாருடைய பாலையும் சொசைட்டி வாங்கவில்லை. ஜிதின் ஒரு மைல்கல்லின் மேல் ஏறி நின்றார். கூட்டத்தைக் கண்டால் அவருக்கு அப்படி ஏறத் தோன்றும்.

"பிரியப்பட்ட நாட்டுக்காரே, ஆரும் பதற வேண்டா. இன்னைக்கு ஒரு நல்ல காரியம் நடந்திருக்கு. நேத்து வரை கமலாத்தாளுக்கும் மத்தவங்களுக்கும் ஒரு வேற்றுமை இருந்தது. இன்னைக்கு அது இல்லை. பூரண சமத்துவம். இன்னொண்ணு கூடி. முகமை தொடங்கினதுலேருந்து இன்னைக்குத்தான் ஒரு பராதி, ஒரு குறைகூட வரலை. ஒண்ணுகூட இல்லை. இதை ஞான் மேலே அறிவிக்கணும்." பையிலிருந்து கைபேசியை எடுத்தார். பார்த்தார். மறுபடி பையில் வைத்துக்கொண்டார்.

முகமையின் சுவரில் ஓடும் எழுத்துப் பலகை ஒன்று உண்டு. ஏஜென்ட்கள் தங்களுக்குள் பேசுவதை மக்கள் பார்க்க வேண்டும், வெளிப்படைத்தன்மை வேண்டும் என்று ஜிதின்தான் மாட்டினார். இதுவரை அதை யாரும் நின்று படித்ததில்லை. அன்றைக்கு எல்லோரும் படித்தார்கள்.

'அணை நிறைந்தது. உபரி நீரை எங்கே விடுவது?'

'பயனாளிகள் இல்லாத பகுதியில்.'

'அப்படி ஏதேனும் உண்டா?'

'பட்டியலைப் பார்த்தேன். பயனாளிகள் யாரும் இல்லை. பகுதி முழுவதும் காலி.'

'உறுதிதானா?'

'குறை கேட்கும் வரிசையில் ஒரு செய்தியும் இல்லை. ஆட்கள் இருந்தால் குறை இருக்கும்.'

'சரியான கருத்து. எல்லா மதகுகளையும் திறக்கவும்.'

'திறக்கிறேன்.'

பலகை அணைந்துகொண்டது. மேற்கொண்டு பேச அவற்றுக்கு ஒன்றுமில்லை போலும்.

பூபதிராஜா வயலுக்கு ஓடினார். கமலாத்தாள் வரப்பில் நின்றிருந்தாள். மதகு திறந்திருந்தது. தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வெடித்துக் கிடந்த மண் அதைக் குடிக்கிற சத்தம் கேட்டது. அவள் முகத்தைப் பார்த்து எத்தனையோ நாளாயிற்று என்று அவருக்குத் தோன்றியது.

"வந்துருச்சுங்க. பாருங்க, தலை நிமுருது."

தண்ணீர் நெல் தாளைத் தொட்டது. அவள் மண்வெட்டியால் மடையை அடைத்தாள். தண்ணீர் அடைப்பின் மேலேறி வந்தது. இன்னும் மண்ணை வெட்டிப் போட்டாள். பக்கத்து வயலிலிருந்து வரப்பைத் தாண்டி வந்தது. மலைப்பக்கமிருந்து, பெரிய லாரி தொலைவில் வருவதுபோல ஒரு சத்தம். அது நிற்காமல் வந்துகொண்டே இருந்தது.

"போதுமுன்னு சொல்லுங்க," என்றாள்.

"ஆருகிட்டப் புள்ள?"

அவள் அவரைப் பார்த்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். கேட்டு முடிக்கும்போது தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. இளங்கதிர்கள் நுனி மட்டும் தெரிந்தன.

அவள் திட்டவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையேறி நடக்க ஆரம்பித்தாள். அவரும் பின்னால் போனார். வாய்க்கால் கரை தளும்பத் தளும்ப ஓடியது. மில்லுக்கு நேர் மேலே வந்ததும் நின்றாள். கீழே பள்ளத்தில் முகமை வெள்ளைவெளேரென்று இருந்தது. சாலை மேட்டில் கூட்டம் நின்றது. நர்மதாவும் ஜிதினும் கரைக்கு ஏறி வந்தார்கள்.

"ஏம்மிணி, அந்தப் பொட்டி நின்னா மதகு என்னாகும்?" என்று நர்மதாவைக் கேட்டாள் கமலாத்தாள்.

"தன்ற கனத்துலயே எறங்கி மூடிக்குமுங்கக்கா. அப்படித்தான் பண்ணி வெச்சிருக்குது."

கமலாத்தாள் கரையின் மில் பக்கம் இறங்கி, கால் ஊன்ற இடம் பார்த்தாள்.

ஜிதின் முன்னால் வந்தார். "இது சரியாகாது. கனால் கரை வெட்டறதுக்கு முன்கூட்டி அனுமதி வாங்கணும்."

"வாங்கிக்கறேனுங்க. ஆரு குடுக்கறாங்க?"

ஜிதின் வாயைத் திறந்தார். இந்தக் கேள்விக்கு ஒரு சொற்பொழிவு இருந்திருக்க வேண்டும். அவர் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. ஓரமாக நகர்ந்து நின்றுகொண்டார்.

கமலாத்தாள் மண்வெட்டியைத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நிறுத்தி, கணவனைப் பார்த்தாள்.

"ஏனுங்க, உள்ள ஆளுக யாராச்சும் இருக்கறாங்களா?"

பூபதிராஜா கீழே பார்த்தார். பூட்டிய ஜன்னல்களுக்குப் பின்னால் சின்னச் சின்னப் பச்சை விளக்குகள் ஒன்று மாற்றி ஒன்று மினுங்கின, பேசிக்கொள்வதுபோல.

"ஆளுக யாரும் இல்ல. அவிய பதினொண்ணும்தான்."

"அவியளுக்கு நீச்சத் தெரியுமா?"

"தெரியல புள்ள. நான் அதைப் பத்தி ஒண்ணும் எழுதல."

"அப்பச் செரி," என்று அவள் முதல் வெட்டு வெட்டினாள்.